கலப்புக் குவாண்டம் நெறிமுறைகளும் சேர்மான உகப்பாக்கமும்

கலப்புக் குவாண்டம் நெறிமுறை என்பது, ஒரே கணக்கின் ஒரு பகுதியைக் குவாண்டம் கணினியும் மற்றொரு பகுதியை நாம் அன்றாடம் பயன்படுத்தும் மரபுக் கணினியும் மாறி மாறிச் செய்து விடை தேடும் முறையாகும். எண்ணற்ற வழிகளுள் மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கணக்குகளுக்கு இம்முறை பெரிதும் ஆராயப்பட்டு வருகிறது. இத்தகைய கணக்குகள் சேர்மான உகப்பாக்கக் கணக்குகள் எனப்படும். லாரிகளுக்கு வழி வகுத்தல், ஆலைக்குக் கரும்பு வெட்டும் வரிசையை முடிவு செய்தல், தேர்வு அட்டவணை தயாரித்தல் ஆகியவை இவ்வகையில் அடங்கும்.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நொடியில் சரிபார்த்துச் சிறந்ததை எடுத்துக் கொடுத்துவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. அப்படி முடியாது என்பதனால்தான் மரபுக் கணினியின் துணை தேவைப்படுகிறது. இந்த வேலைப் பங்கீடு எவ்வாறு நடைபெறுகிறது, அதன் பயன் எவ்வளவு, வரம்பு எது என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு வரும் லாரி, கரும்புக் கணக்குகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

சேர்மான உகப்பாக்கம்

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் பெரம்பலூர் சர்க்கரை ஆலை இயங்குகிறது. எந்தச் சர்க்கரை ஆலையிலும் பதிவு செய்த விவசாயிகளுக்கு வெட்டு உத்தரவு வழங்கப்பட்ட பிறகே கரும்பு வெட்டப்படும். முன்கூட்டியே வெட்டினால் கரும்பு முதிர்ந்திருக்காது. தாமதித்தால் சர்க்கரைக் கட்டுமானம் குறையும். வெட்டிய கரும்பு ஆலை வாசலில் காத்துக் கிடந்தால் காய்ந்து எடை குறையும். எடை மேடையில் காட்டும் எடைக்குத்தான் பணம் என்பதால் அந்த இழப்பு விவசாயியின் தலையில் விழுகிறது. மறுபுறம், போதிய கரும்பு வந்து சேராவிட்டால் அரவை நிற்கும். ஆகவே எந்த வயலை எந்த நாளில் வெட்டுவது, எந்த வண்டியை எங்கு அனுப்புவது என்பது ஆலைக்கும் விவசாயிக்கும் பணம் சார்ந்த முடிவு.

அரியலூர் மாவட்டத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. இப்பகுதியின் சுண்ணாம்புக்கல் படிவங்களை நம்பித் தமிழ்நாடு அரசு சிமெண்ட் கழகத்தின் ஆலை உட்படப் பல சிமெண்ட் ஆலைகள் இங்கே அமைந்துள்ளன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளும், பள்ளிப் பேருந்துகளும், இருசக்கர வாகனங்களும் ஒரே சாலைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த லாரி எந்த நேரத்தில் எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதை நன்கு வகுத்தால் டீசலும் மிச்சம், விபத்து வாய்ப்பும் குறையும்.

இரண்டு கணக்குகளுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. சாத்தியமான விடைகளை எண்ணிவிடலாம், ஆனால் எண்ணிக்கை மிகப் பெரிது. ஒவ்வொரு விடைக்கும் செலவு அல்லது மதிப்பெண் ஒன்று உண்டு. செலவு மிகக் குறைந்த விடையைக் கண்டுபிடிப்பதே உகப்பாக்கம்.

வழிகள் பெருகும் வேகம்

பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என 4 வட்டங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், செந்துறை, உடையார்பாளையம், ஆண்டிமடம் என 4 வட்டங்கள். ஒரு வண்டி பெரம்பலூரில் புறப்பட்டு, மற்ற 7 ஊர்களுக்கும் ஒரு முறை சென்று, மீண்டும் பெரம்பலூருக்கே திரும்ப வேண்டும் என வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த தொலைவுள்ள சுற்று எது?

மீதமுள்ள 7 ஊர்களை 7! = 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒரே சுற்றை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் சென்றால் தொலைவு ஒன்றுதான் என்பதால் இதில் பாதி, அதாவது 2,520 சுற்றுகள். கணினிக்கு இது ஒரு பொருட்டன்று.

ஊர்களின் எண்ணிக்கை 15 ஆனால் சுற்றுகள் ஏறத்தாழ 4,359 கோடி. நொடிக்கு 100 கோடி சுற்றுகளைச் சரிபார்க்கும் கணினிக்கு 44 நொடிகள் போதும். 20 ஊர்கள் என்றால் சுற்றுகளின் எண்ணிக்கை 17 இலக்க எண்ணாகிவிடும். அதே கணினிக்குக் கிட்டத்தட்ட 2 ஆண்டுகள் தேவை. 25 ஊர்கள் என்றால் சுமார் 98 லட்சம் ஆண்டுகள். ஊர்களை ஐந்து ஐந்தாகத்தான் கூட்டினோம், ஆனால் காலம் நொடியிலிருந்து ஆண்டுக்கும், ஆண்டிலிருந்து லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கும் தாவிவிட்டது. 11ஆம் வகுப்பில் படிக்கும் காரணீயப் பெருக்கத்தின் இயல்பு இது.

"கடினம்" என்பதன் பொருள்

மேற்கண்ட கணக்கைக் காட்டி, மரபுக் கணினியால் 25 ஊர்ச் சுற்றைத் தீர்க்கவே முடியாது என்று சிலர் எழுதுவதுண்டு. இது தவறு. ஒவ்வொரு சுற்றாகச் சரிபார்க்கும் மூட முறைக்குத்தான் அத்தனை காலம் ஆகும். தேவையற்ற வழிகளைக் கூட்டமாகவே கழித்துவிடும் நுட்பமான முறைகள் பல உள்ளன. 85,900 புள்ளிகளைக் கொண்ட ஒரு சுற்றின் மிகக் குறைந்த தொலைவை மரபுக் கணினிகள் 2006ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தன. அதைவிடக் குறைந்த சுற்று இல்லை என்பதும் நிறுவப்பட்டது.

உகப்பாக்கத் துறையில் இந்தியர்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற நரேந்திர கர்மார்க்கர் 1984இல் நேரியல் திட்டமிடல் கணக்குகளுக்கு வெளியிட்ட நெறிமுறை, ஆலை உற்பத்தி முதல் தொலைபேசி வலையமைப்பு வரை பல துறைகளில் மாற்றம் கொண்டுவந்தது.

அப்படியானால் கடினம் என்பது என்ன? 1971இல் ஸ்டீபன் குக், 1972இல் ரிச்சர்ட் கார்ப் ஆகியோரின் ஆய்வுகள் இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தன. கார்ப் தமது கட்டுரையில் 21 கணக்குகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு, அளவு எவ்வளவு பெருகினாலும் விரைவாகச் சரியான விடை தரும் பொது முறை கிடைத்துவிட்டால், மற்ற அனைத்துக்கும் அது கிடைத்துவிடும் என்று காட்டினார். இன்றுவரை எந்த ஒன்றுக்கும் அப்படிப்பட்ட முறை கிடைக்கவில்லை. குவாண்டம் கணினிக்கும் அத்தகைய பொது முறை கண்டுபிடிக்கப்படவில்லை. அது கிடைக்கும் என்று பெரும்பாலான அறிஞர்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

எனவே குவாண்டம் கணினியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எல்லாக் கணக்குகளையும் தீர்க்குமா?" என்பதன்று. "குறிப்பிட்ட ஒரு கணக்கிற்கு, மரபுக் கணினியின் மிகச் சிறந்த முறையைவிட நல்ல விடையை அல்லது விரைவான விடையைத் தருமா?" என்பதே.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறதா?

மரபுக் கணினியின் பிட் 0 அல்லது 1 ஆக இருக்கும். குவாண்டம் கணினியின் கியூபிட், 0, 1 ஆகிய இரண்டின் மேற்பொருந்துதலாக இருக்கக்கூடும். 6 கியூபிட்டுகள் சேர்ந்தால் 2⁶ = 64 விதமான 0, 1 வரிசைகளின் மேற்பொருந்துதலை அமைக்கலாம். இதைக் கேட்டவுடன், 64 விடைகளும் கைக்கு வந்துவிட்டன என்று தோன்றும்.

ஆனால் அளவீடு செய்யும்போது ஒரே ஒரு வரிசைதான் கிடைக்கும். மற்றவை அழிந்துவிடும். 64 வரிசைகளும் சம வீச்சுடன் இருந்தால், எது கிடைக்கும் என்பது வெறும் வாய்ப்பு. சோழர் காலக் குடவோலை முறையை எண்ணிப் பார்க்கலாம். குடத்தில் 64 ஓலைகளைப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பது போன்றதே இது. இதற்குக் குவாண்டம் கணினி தேவையில்லை.

குவாண்டம் கணினியின் உண்மையான ஆற்றல் குறுக்கீட்டு விளைவில் இருக்கிறது. யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில் ஒளி அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்திப் பொலிவு வரிகளையும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக் கருமை வரிகளையும் உண்டாக்குகின்றன. அதுபோலவே, மோசமான விடைகளின் வீச்சுகள் ஒன்றையொன்று குறைக்கும்படியும், நல்ல விடைகளின் வீச்சுகள் கூடும்படியும் கியூபிட்டுகளின் கட்டத்தை மாற்றி அமைக்க வேண்டும். அப்படிச் செய்தால் குடத்தில் நல்ல ஓலைகளின் பங்கு பெருகியது போன்ற நிலை உருவாகும். அதன் பிறகும் எடுப்பது ஓர் ஓலையைத்தான், ஆனால் அது நல்ல ஓலையாக இருக்கும் நிகழ்தகவு கூடிவிடும்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற லவ் குரோவர் 1996இல் கண்டறிந்த தேடல் நெறிமுறை இந்தக் கருத்தின் அடிப்படையில் அமைந்ததே. ஒழுங்கு எதுவும் இல்லாத 100 கோடிப் பதிவுகளில் ஒன்றைத் தேட, மரபு முறையில் கோடிக்கணக்கான சோதனைகள் தேவைப்படும் இடத்தில், இம்முறைக்கு அதன் வர்க்கமூல அளவான முப்பதாயிரம் அளவிலான படிகள் போதும். இது பெரிய ஆதாயம்தான். ஆயினும் வழிகள் காரணீயப் பெருக்கமாக வளரும் கணக்கை இது எளிதாக்கிவிடாது. மேலும், இதற்குப் பிழையற்ற, நீண்ட நேரம் இயங்கும் குவாண்டம் கணினி வேண்டும்.

வேலைப் பங்கீடு

இன்றுள்ள குவாண்டம் கணினிகள் அவ்வாறானவை அல்ல. கியூபிட்டுகள் வெப்பத்தாலும் சுற்றுப்புறத்தின் மின்காந்த இரைச்சலாலும் விரைவில் தம் நிலையை இழக்கின்றன. எனவே குவாண்டம் கணினிக்குக் குறுகிய வேலையை மட்டும் கொடுத்து, மீதியை மரபுக் கணினியிடம் விடும் எண்ணம் பிறந்தது. 2014இல் வேதியியல் மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட இப்படிப்பட்ட ஒரு கலப்பு முறை வெளியானது. அதே ஆண்டு எட்வர்ட் ஃபார்ஹி, ஜெஃப்ரி கோல்ட்ஸ்டோன், சாம் குட்மன் ஆகிய மூவரும் சேர்மானக் கணக்குகளுக்கான முறையை வெளியிட்டனர். இது குவாண்டம் தோராய உகப்பாக்க நெறிமுறை எனப்படும். இதன் படிகள் வருமாறு:

1. கணக்கை 0, 1 மதிப்புகளால் எழுதி, ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் தரும் கோவையை அமைத்தல்.

2. எல்லா விடைகளும் சம வீச்சுடன் இருக்கும் மேற்பொருந்துதலைக் குவாண்டம் கணினியில் உருவாக்குதல்.

3. ஒவ்வொரு விடையின் மதிப்பெண்ணுக்கு ஏற்ப அதன் கட்டத்தைத் திருப்புதல். எவ்வளவு திருப்புவது என்பதை ஒரு கோணம் முடிவு செய்கிறது.

4. விடைகளின் வீச்சுகள் ஒன்றோடொன்று கலந்து குறுக்கிடும்படி கியூபிட்டுகளைச் சுழற்றுதல். இதற்கு இரண்டாவது கோணம். 3, 4 ஆகிய படிகள் சேர்ந்து ஒரு சுற்று. தேவைக்கேற்பப் பல சுற்றுகள் செய்யலாம்.

5. அளவீடு செய்து ஒரு விடையைப் பெறுதல். இதையே நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்தல்.

6. கிடைத்த விடைகளின் சராசரி மதிப்பெண்ணை மரபுக் கணினி கணக்கிட்டு, கோணங்களைச் சற்றே மாற்றி, மீண்டும் குவாண்டம் கணினிக்கு அனுப்புதல்.

7. சராசரி மேலும் உயராத நிலையில் நிறுத்தி, இதுவரை கிடைத்தவற்றுள் சிறந்த விடையை எடுத்துக்கொள்ளுதல்.

பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் பிடிப்பதோடு இதை ஒப்பிடலாம். குவாண்டம் கணினி வானொலிப் பெட்டி. காதால் கேட்டுக்கொண்டே திருகைத் திருப்புபவர் மரபுக் கணினி. திருகு சரியான இடத்திற்கு வரும்வரை ஒலியில் தெளிவு இராது.

ஆறு லாரி அணிகள்: ஒரு சிறு கணக்கு

சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என 6 அணிகளாக உள்ளன எனக் கொள்வோம். அ அணியும் ஆ அணியும் ஒரு குறுகிய சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதேபோல் ஆ–இ, இ–ஈ, ஈ–உ, உ–ஊ, ஊ–அ ஆகிய இணைகளும் தத்தமக்குள் ஒரு சாலையைப் பகிர்கின்றன. மொத்தம் 6 மோதல் இணைகள், வட்டமாக அமைந்துள்ளன. அணிகளைக் காலை முறை, மாலை முறை எனப் பிரிக்க வேண்டும். ஓர் இணையின் இரு அணிகளும் வெவ்வேறு முறையில் இருந்தால் அந்த இணைக்கு 1 மதிப்பெண். மொத்த மதிப்பெண் அதிகமாக வேண்டும். இது கணிதத்தில் பெரும வெட்டுக் கணக்கு எனப்படும்.

காலை 0, மாலை 1 எனக் குறித்தால், அ, ஆ இணையின் மதிப்பெண் அ + ஆ − 2 × அ × ஆ ஆகும். இரண்டும் 0 என்றால் விடை 0. இரண்டும் 1 என்றால் 1 + 1 − 2 = 0. ஒன்று 0, மற்றொன்று 1 என்றால் விடை 1. இதேபோன்ற 6 கோவைகளின் கூடுதலே மொத்த மதிப்பெண்.

64 பிரிவினைகளில் முழு மதிப்பெண்ணான 6ஐப் பெறுபவை இரண்டு மட்டுமே: அணிகளைக் காலை, மாலை என ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி வைக்கும் இரு வழிகள். நாணயம் சுண்டிப் பிரித்தால் சராசரியாக 3 மதிப்பெண் கிடைக்கும். முழு மதிப்பெண் கிடைக்க 32இல் ஒரு வாய்ப்பு.

இதே கணக்கைப் பிழையற்ற 6 கியூபிட்டுகளில் மேற்சொன்ன நெறிமுறையால் செய்து, கோணங்களையும் சரியாகத் தேர்ந்தால், ஒரு சுற்றில் சராசரி மதிப்பெண் 4.5 ஆக உயரும். இரண்டு சுற்றுகளில் 5 ஆகும். மூன்று சுற்றுகளில் 6 ஆகிவிடும். அதாவது அளவீடு செய்யும் ஒவ்வொரு முறையும் சரியான விடையே வரும். குடத்தில் நல்ல ஓலைகள் மட்டுமே எஞ்சிய நிலை அது.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் உள்ளது. வட்டமாக நிற்கும் ஆறு அணிகளை மாறி மாறிப் பிரிக்க வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்பு மாணவருக்கே தெரிந்துவிடும். குவாண்டம் கணினி சரியான விடை தந்தது என்பதால் மட்டும் அது தேவை என்று ஆகிவிடாது. எளிய முறையோடு ஒப்பிட்ட பிறகே பயனைப் பற்றிப் பேச முடியும்.

கணக்கு பெரிதாகும்போது எழும் சிக்கல்கள்

முதலாவது, கியூபிட்டுகளின் எண்ணிக்கை. எட்டு ஊர்ச் சுற்றை 0, 1 ஆக எழுதும் வழக்கமான முறையில், "இந்த ஊர் இத்தனையாவது இடத்தில்" என்பதற்கு ஒரு கியூபிட் தேவை. பெரம்பலூரை முதலிடத்தில் நிறுத்திவிட்டால் 7 ஊர்கள், 7 இடங்கள், மொத்தம் 49 கியூபிட்டுகள். 49 கியூபிட்டுகளுக்கு உரிய 0, 1 வரிசைகள் சுமார் 563 லட்சம் கோடி. அவற்றுள் ஒழுங்கான பயண வரிசையைக் குறிப்பவை வெறும் 5,040. மற்றவை ஒரே ஊருக்கு இருமுறை செல்வது, ஓர் ஊரை விட்டுவிடுவது போன்ற செல்லாத விடைகள். மரபுக் கணினி 2,520 சுற்றுகளைப் பார்த்து முடித்துவிடும் கணக்கை, இந்த வடிவம் பெரிதாக்கிவிடுகிறது. 20 ஊர்களுக்கு 361 கியூபிட்டுகள் வேண்டும். எனவே கணக்கை எப்படி எழுதுவது என்பதே ஓர் ஆய்வுத் துறையாகிவிட்டது.

இரண்டாவது, பிழை. இரண்டு கியூபிட்டுகளை இணைத்துச் செய்யும் செயல்களில்தான் பிழை அதிகம். 100 செயல்களில் ஒன்று தவறும் எனக் கொள்வோம். ஆறு அணிக் கணக்கில் ஓர் இணைக்கு இரண்டு செயல்கள் வீதம், மூன்று சுற்றுகளுக்கு 36 செயல்கள் ஆகும். அனைத்தும் பிழையின்றி முடியும் நிகழ்தகவு 0.99 என்பதன் 36ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.70. எட்டு ஊர்ச் சுற்றில் 546 இணைகள் வரும். ஒரே சுற்றுக்கு 1,092 செயல்கள். பிழையின்றி முடியும் நிகழ்தகவு ஏறத்தாழ அறுபதாயிரத்தில் ஒன்று. பிழை விகிதம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதே நிகழ்தகவு மூன்றில் ஒன்றாகிவிடும். கியூபிட்டுகளின் எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம் என்று அறிஞர்கள் வலியுறுத்துவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

மூன்றாவது, கோணங்களைத் தேடுதல். எந்தப் பக்கம் திருப்பினால் மதிப்பெண் உயரும் என்பதை மரபுக் கணினி சரிவைப் பார்த்து முடிவு செய்கிறது. கியூபிட்டுகள் கூடும்போது பல வகைக் குவாண்டம் சுற்றுகளில் மேடு பள்ளமே தெரியாத தட்டை நிலம் போல மதிப்பெண் மாறாமல் கிடக்கும். எந்தப் பக்கம் நகர்வது என்று மரபுக் கணினிக்குத் தெரியாது. 2018இல் விரிவாக விளக்கப்பட்ட இச்சிக்கலை வறண்ட சமவெளிச் சிக்கல் என்கின்றனர்.

குவாண்டம் பதப்படுத்தல்

கலப்பு முறைகளில் மற்றொரு கிளை, 1998இல் ஜப்பானைச் சேர்ந்த டடாஷி கடோவாக்கி, ஹிடெடோஷி நிஷிமோரி ஆகியோர் முன்வைத்த குவாண்டம் பதப்படுத்தல் ஆகும். கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பை மெதுவாக ஆறவிடும்போது அதன் உட்கட்டமைப்பு சீராகிறது. அதுபோல, கியூபிட்டுகளை எளிய நிலையில் தொடங்கி, கணக்கின் மதிப்பெண் கோவையை மெல்ல மெல்ல ஏற்றினால், இறுதியில் அவை குறைந்த ஆற்றலுடைய நிலையை, அதாவது நல்ல விடையைச் சென்றடையும் வாய்ப்பு அதிகம்.

கனடாவில் தொடங்கப்பட்ட டி-வேவ் நிறுவனம் இவ்வகைக் கருவிகளை 2011 முதல் விற்பனை செய்கிறது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் இக்கருவியைக் கொண்டு 2017இல் பெய்ஜிங் நகரின் 418 டாக்சிகளின் பயணத் தரவை வைத்து நெரிசலைக் குறைக்கும் வழிகளைக் கணக்கிட்டது. 2019 நவம்பரில் லிஸ்பன் நகரில் 9 பேருந்துகளுக்கு இம்முறையில் வழி காட்டப்பட்டது. இரண்டிலும் தரவைச் சேகரித்தல், கணக்கைச் சுருக்குதல், விடையைச் சரிபார்த்தல் ஆகியவற்றை மரபுக் கணினிகளே செய்தன. இவை முறை செயல்படுகிறது என்று காட்டிய சோதனைகள். மரபு முறைகளை வென்றதற்கான சான்றுகள் அல்ல.

ஒப்பீட்டில் கிடைத்த முடிவுகள்

பெரும வெட்டுக் கணக்கிற்கு மிஷெல் கோமன்ஸ், டேவிட் வில்லியம்சன் ஆகியோர் 1995இல் வெளியிட்ட மரபு நெறிமுறை, சிறந்த விடையில் குறைந்தது 87.8 சதவீத அளவு விடையைச் சராசரியாக உறுதி செய்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று இணைப்புகள் உள்ள வலையமைப்புகளில், குவாண்டம் தோராய உகப்பாக்க நெறிமுறையின் ஒரு சுற்று உறுதி செய்வது 69.24 சதவீதம். சுற்றுகளைக் கூட்டினால் இது உயரும், ஆனால் பிழையும் கூடும்.

2014ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்ஹி குழுவினர் வேறொரு கணக்கில் தமது நெறிமுறை அன்று அறியப்பட்ட மரபு முறைகளை மிஞ்சியதாக அறிவித்தனர். அதைக் கண்ட கணினி அறிஞர்கள் பலர் சேர்ந்து முயன்று, 2015இல் அதைவிடச் சிறந்த மரபு நெறிமுறையை வெளியிட்டனர். குவாண்டம் ஆய்வு மரபு முறைகளையும் வளர்த்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2021இல் கூகுள் ஆய்வாளர்கள் தமது குவாண்டம் செயலியில் 23 கியூபிட்டுகள் வரை இந்த நெறிமுறையைச் சோதித்தனர். செயலியின் கியூபிட் அமைப்போடு ஒத்துப்போகும் கணக்குகளில் அளவு கூடியபோதும் தரம் நிலைத்தது. அமைப்போடு பொருந்தாத கணக்குகளில் அளவு கூடக் கூடத் தரம் குறைந்தது. லாரி வழிகளும் வெட்டு வரிசைகளும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அன்றாடத் தொழில் சார்ந்த ஒரு கணக்கில் கலப்பு முறை மரபின் மிகச் சிறந்த முறையைத் தெளிவாக வென்றது என்று எல்லோரும் ஏற்கும் சான்று இன்னும் நிறுவப்படவில்லை.

இந்தியாவில்

இந்திய அரசு தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் அளித்தது. 2023–24 முதல் 2030–31 வரையிலான இத்திட்டத்தின் மதிப்பீடு ரூ.6,003.65 கோடி. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட்டுகள் கொண்ட கணினிகளை உருவாக்குவது இதன் இலக்குகளுள் ஒன்று. இதன் கீழ் குவாண்டம் கணிமைக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும், குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அமைந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி. 2022இல் ஐ.பி.எம். குவாண்டம் வலையமைப்பிலும் இணைந்தது.

குவாண்டம் கணினி அருகில் இல்லாத ஊர் மாணவர்களும் இதைக் கற்கலாம். 6 கியூபிட் கணக்கிற்கு 64 கலப்பெண்களை நினைவில் வைத்தால் போதும். கல்லூரி ஆய்வகத்தின் சாதாரணக் கணினியில், ஐ.பி.எம். வெளியிட்டுள்ள கிஸ்கிட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஆறு லாரி அணிக் கணக்கை முழுவதும் செய்து பார்க்கலாம். 30 கியூபிட்டுகளுக்குச் சுமார் 17 ஜி.பி. நினைவகம் வேண்டும். 50 கியூபிட்டுகளுக்கு ஏறத்தாழ 1.8 கோடி ஜி.பி. தேவை. முழு நிலையையும் நினைவில் வைக்கும் இம்முறையில் மரபுக் கணினியின் எல்லை அங்கேதான் தொடங்குகிறது.

செய்திகளைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

குவாண்டம் கணினி ஒரு போக்குவரத்துச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்ற செய்தி வந்தால், மாணவர்கள் நான்கு கேள்விகளை எழுப்பலாம். கணக்கின் அளவு என்ன? ஒப்பிடப்பட்டது மரபின் சிறந்த முறையோடா, அல்லது ஒவ்வொரு வழியாகச் சரிபார்க்கும் மூட முறையோடா? கோணங்களைத் தேடிய நேரமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது? இறுதி விடையில் குவாண்டம் பகுதியின் பங்கு எவ்வளவு, அதை நீக்கிவிட்டால் விடை மோசமாகிறதா?

இந்தக் கேள்விகள் துறையை மட்டம் தட்டுவதற்கானவை அல்ல. எந்தக் கணக்கில் குவாண்டம் பகுதி உண்மையிலேயே உதவும் என்பதைக் கண்டறிய ஆய்வாளர்களே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு விடை எந்தக் கணினியில் வந்தது என்பது முக்கியமன்று. கரும்பு காய்வதற்கு முன் நல்ல வரிசை ஒன்று கிடைக்க வேண்டும், லாரி பழுதானால் அதே நாளில் அதை மாற்றவும் முடிய வேண்டும். மரபு முறை அதை நன்றாகச் செய்தால் அதுவே போதும். அது திணறும் இடம் எது என்று துல்லியமாக அறிந்தால்தான், குவாண்டம் கணினிக்குக் கொடுக்க வேண்டிய பகுதி எது என்பதும் தெளிவாகும். அதற்குக் கணக்கை முதலில் சரியாக எழுதத் தெரிய வேண்டும். அந்தத் திறமை, எந்தக் கணினி வந்தாலும் மாணவருக்குப் பயன்படும்.